எங்கள் கோயில் தண்ணீர் போன இடம்

2018ஆம் ஆண்டு மாரியில் எங்கள் தேவாலயத்தின் மூன்றாவது வாங்குவரை தண்ணீர் வந்துவிட்டது. ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நற்கருணை வரிசையில் போன ஒரு சிறுவன், மிதந்து வந்த மெழுகுதிரித் துண்டொன்றைக் காலால் தள்ளித் தள்ளி விளையாடியபடியே பீடம்வரை போய்ச் சேர்ந்தான். அவனை அதட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

மட்டக்களப்பு வாவியை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. நான் தபால் கந்தோரில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கடிதம் எழுதுவதும் அதன் பின்னால் அலைவதும்தான் எனக்குத் தெரிந்த வித்தை. அதனால்தான் பங்குச் சபைச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று மாலையே ஆலயத்தின் கடிதத்தாளில் உள்ளூராட்சி மன்றத்துக்கு எழுதினேன். பங்குத் தந்தையின் கையொப்பம், ஆலய முத்திரை எல்லாம் வைத்துக் கொடுத்தோம்.

ஒன்பதாவது நாள் மண் வெட்டும் இயந்திரமான பெக்கோ வந்தது. கோயில் மதிலோரமாக ஒரு வாய்க்காலை இழுத்துவிட்டது. சாரதிக்குப் பிளேன்டீயும் மாலு பணிஸும் கொடுத்தோம். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் அதற்காக இறைவனுக்கு நன்றியும் சொன்னோம்.

மறுநாள் ஒரு மாமி என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கோயிலுக்குப் பின்புறம் அம்மன் கோயில் ஒழுங்கையில் இருப்பவர். என் தாயின் வயதுக்காரர்.

“பிள்ளை, உங்கள் கோயில் தண்ணீரை எங்கள் அடுப்படிக்கு அனுப்பிவிட்டீர்களே.”

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. நான் அவரோடு போய்ப் பார்த்தேன். ஒழுங்கையில் பதினொரு வீடுகள். மாமியின் அடுப்படியில் சாம்பல் கலந்த தண்ணீர் கணுக்காலளவு நின்றது. அடுப்புக் கற்கள் மூன்றும் அம்மியின்மேல் ஏறியிருந்தன. அதன்மேல் சோற்றுப் பானை. விறகுக் கட்டு கூரை வளையில் கயிற்றால் தொங்கியது. அந்தப் பானையிலிருந்தே எனக்கு ஒரு தேநீர்க் கோப்பை வெந்நீர் எடுக்க முயன்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் கடிதத்தின் பிரதியை எடுத்துப் படித்தேன். “எமது ஆலயம்” என்ற சொல் ஐந்து இடங்களில் இருந்தது. “எமது ஒழுங்கை” என்று ஓரிடத்திலும் இல்லை. பெக்கோ சாரதியைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் என்ன கேட்டோமோ அதைத்தான் அவர் செய்தார்.

பொது விடயங்களில் கிறிஸ்தவர்கள் இறங்கவேண்டுமா என்று எங்கள் பங்கில் யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் அந்த அம்மிதான் நினைவுக்கு வரும். நாங்கள் ஏற்கெனவே இறங்கியிருந்தோம். எங்களுக்காக மட்டும் இறங்கியிருந்தோம். மட்டக்களப்பு மாவட்டத்தில் கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் சேர்ந்தும் பத்தில் ஒரு பங்கு இல்லை. அப்படி இருக்கும்போது ஆலயத்தின் பெயரால் ஆலயத்துக்காகக் கேட்கும் ஒவ்வொரு சலுகையும் பக்கத்து வீட்டுக்காரரின் வளவில் எங்கோ தேங்கி நிற்கும்.

இனி இதைச் சரிசெய்ய வேண்டும், ஒழுங்கைச் சனத்தோடு சேர்ந்து கேட்போம் என்று பங்குச் சபையில் சொன்னேன். இரண்டு விதமான எதிர்ப்பு வந்தது.

முதலாவது, பயம். சபையில் மூத்த ஒருவர், “இந்த ஊரில் வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதா தங்கச்சி?” என்று கேட்டார். தெரியும். 1988 ஜூன் 6ஆம் தேதி, மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோவைப் புளியந்தீவில் அவருடைய கோயிலுக்குள்ளேயே சுட்டார்கள். 1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி, மரியாள் விண்ணேற்புப் பெருவிழாவன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அருட்தந்தை யூஜின் ஹீபெர்ட்டும் அவரோடு வந்த இளைஞரும் இன்றுவரை வீடு திரும்பவில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைப் புனித மரியாள் பேராலயத்துக்குள்ளே சுட்டுக் கொன்றார்கள். இத்தனையையும் பார்த்த சனத்தைக் கோழைகள் என்று சொல்வதற்கு எனக்கு நாக்கு வராது. வெளிநாட்டிலிருந்து வந்து “குரல் கொடுங்கள்” என்று பயிற்சிப் பட்டறை நடத்துபவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டு வரவேண்டும்.

ஆனால் அந்த மனிதர்கள் யாருக்காக வாய் திறந்தார்கள் என்பதையும் நினைக்கவேண்டும். 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்பு மனிதராகவே ஆகிவிட்ட அருட்தந்தை ஹரி மில்லர், சமாதானக் குழுவோடு சேர்ந்து காணாமற்போனவர்களின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தார். அவரிடம் வந்து அழுத தாய்மாரில் மிகப் பலர் சைவர்கள். ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா அவர் பேனாவைத் திறந்தார்? 2019 தொடக்கத்தில், எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் வற்றாமல் நின்ற அதே நாட்களில், அவர் இறந்துபோனார்.

இரண்டாவது எதிர்ப்பு, “செபிப்போம், அரசியல் வேண்டாம்” என்பது. லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தை நான் அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். மனந்தளராமல் செபிப்பது எப்படி என்று காட்டுவதற்கு இயேசு ஒரு துறவியைக் காட்டவில்லை. நேர்மையற்ற நடுவன் ஒருவனிடம் நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் ஒரு கைம்பெண்ணைக் காட்டுகிறார். நம் ஊர் வழக்கில் சொன்னால், கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலகத்தின் படியேறிப் படியேறித் தேய்ந்த செருப்போடு நிற்கும் ஒரு பெண். செபத்துக்கு அவரே உவமை என்றால், கச்சேரிக்குப் போவது செபத்துக்கு எதிரானது என்று யார் சொன்னது? இதைச் சபையில் சொன்னேன். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றப் பாதி தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

எங்கள் இளம் பங்குத் தந்தைக்கு உற்சாகம் மிகுந்துவிட்டது. தானே முன்னால் நிற்பதாகச் சொன்னார். வேண்டாம் ஃபாதர் என்று நான்தான் தடுத்தேன். குருக்கள் அரசாங்கப் பதவி வகிப்பதைத் திருச்சபைச் சட்டமே தடுக்கிறது. உலக விடயங்களைச் சீர்செய்வது பொதுநிலையினரின் வேலை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்றும் இருந்தது. சுவாமியார் முன்னால் நடந்தால் அது கோயில் பிரச்சினையாகிவிடும். அவர் ஒரு நாள் மட்டும் எங்களோடு வந்தார், அன்றைக்கே ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

வந்தது தண்ணீரின் வழியைப் பார்ப்பதற்கு. ஜனவரியில் தண்ணீர் இறங்கியதும், மேட்டிலிருந்து வாவிக்கரைவரை நடந்தோம். மாமி, நான், ஒழுங்கைப் பையன்கள் இருவர், ஒரு மேசன். மேசன் முஸ்லிம், பிரதான வீதிக் கடைத்தொகுதியில் வேலை செய்துகொண்டிருந்தவர், எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டுத் தானாகச் சேர்ந்துகொண்டார். மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வடிகான் அடித்தளத்திலும் மறுமுனையை வீதி மதகின் வாயிலும் பிடித்துக் கரித்துண்டால் கோடு போட்டார். மதகின் தரை, வடிகான் தரையைவிட ஆறு அங்குலம் உயரத்தில் இருந்தது.

“அக்கா, தண்ணீருக்குப் படியேறத் தெரியாது” என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் அந்த வடிகானைக் கொங்கிறீட் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதை அடைத்துக்கொண்டிருந்த புல்லும் போத்தல்களும் அரைக் காரணம்தான். மீதி அந்த ஆறு அங்குலம். இதை யாருமே பத்து ஆண்டுகள் கத்தினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. குழாயோடு போனதால் ஒரு காலைப்பொழுதில் கண்டுபிடித்தோம்.

இங்கே நான் செய்த பிழையையும் எழுதவேண்டும். ஆறு அங்குலக் கணக்கு ஊரில் பரவியதும், “ஒப்பந்தக்காரர் காசைத் தின்றுவிட்டார்” என்ற கதையும் கூடவே பரவியது. அந்தக் கதைக்குக் கால் வைத்துவிட்டவர்களில் நானும் ஒருத்தி. மீன் வாங்கும் இடத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேரிடம் சொன்னால் எங்கள் ஊரில் போதும்.

பிறகுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நினைவு வந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த அரச நிறுவனத்திலும் அதற்கென்று ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு.

முதற் கடிதத்தில் “இந்த வடிகான் ஏன் பிழையாகக் கட்டப்பட்டது?” என்று எழுதத்தான் கை வந்தது. எழுதிவிட்டுக் கிழித்தேன். இந்தச் சட்டம் கந்தோரில் இருக்கும் பத்திரத்தைத் தரும். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தராது. ஆகவே பெயர் சொல்லிக் கேட்டேன்: அந்த வேலையின் மதிப்பீட்டறிக்கை, வரைபடம், ஒப்பந்தம், முடிவுற்ற வேலையின் அளவீட்டுப் பதிவு, பணம் கொடுத்த பற்றுச்சீட்டு. ஒரே பக்கம். பதிவுத் தபால். இத்தனை ஆண்டுகள் அடுத்தவர்களுக்கு நான் கிழித்துக் கொடுத்த அந்தச் சிறிய துண்டுச் சீட்டை முதன்முறையாக எனக்காகப் பத்திரப்படுத்தினேன்.

நாட்கள் கடந்தன, பதில் இல்லை. மேன்முறையீடு போட்டேன். கந்தோரில் ஒருவர், “அம்மா, இந்தத் தண்ணீருக்குப் போய் ஏன் சட்டம் பேசுகிறீர்கள்?” என்றார். சண்டை போடவில்லை. பிலிப்பி நகரில் பவுலை அடித்துச் சிறையில் போட்டுவிட்டு மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது அவர் போகவில்லை. உரோமைக் குடிமகனான தன்னை அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அவரே குடிமகன் என்ற தகுதியை எடுத்துப் பேசியிருக்கும்போது எனக்கென்ன வெட்கம் என்று நினைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை என் பிரதியில் வைத்துத் தரும்படி கேட்டேன். வைத்துத் தந்தார்.

மார்ச்சில் பத்திரங்கள் வந்தன. களவு இருக்கவில்லை. மறதிதான் இருந்தது. வேலை இரண்டு கட்டமாகத் திட்டமிடப்பட்டிருந்தது: முதலில் வடிகானை ஆழமாக வெட்டிக் கொங்கிறீட் போடுவது, அடுத்த ஆண்டு பழைய மதகை உடைத்துத் தாழ்த்திக் கட்டுவது. முதற்கட்டம் முடிந்தது, அதற்குரிய பணம் மட்டும் கொடுக்கப்பட்டது. பிறகு அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மாற்றலாகிப் போனார். கோவை அலுமாரிக்குள் போனது. இரண்டாம் கட்டம் யாருக்கும் நினைவில்லை.

பொய்ச் சாட்சி சொல்லாதே என்பது எட்டாம் கட்டளை. பாவசங்கீர்த்தனம் செய்தேன், பங்குத் தந்தை செபங்களோடு நிறுத்தாமல் ஒப்பந்தக்காரரிடமும் போகச் சொன்னார். போனேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டீச்சரம்மா தொடக்கம் எல்லோரும் சொன்னார்கள், உங்களைத் தவிர யாரும் வீட்டுக்கு வரவில்லை” என்றார். அவரிடமே இரண்டாம் கட்ட வரைபடத்தின் பிரதியொன்று இருந்தது. போராட்டம் என்று இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பத்திரத்தைக் கண்ணால் பார்க்கும்வரை யார் பெயரையும் எடுக்காதீர்கள். நாங்கள் பெயர் கெட்டுப்போகாமல் தப்பியது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

மகஜர் எழுதிக் கையொப்பம் சேர்க்கத் தொடங்கினோம். இம்முறை ஆலயத்தின் கடிதத்தாள் இல்லை, வெறும் வெள்ளைத் தாள். ஒழுங்கைச் சனம், அம்மன் கோயில் நிர்வாகத்தினர், எங்கள் பங்கு மக்கள், பிரதான வீதியில் கடைக்குள் தண்ணீர் புகுந்த முஸ்லிம் வியாபாரிகள். ஏப்ரல் நடுப்பகுதியில் அறுபதுக்கு மேல் பெயர்கள் சேர்ந்துவிட்டன.

பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு.

மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதி ஒருவர் வெடிக்கவைத்த தற்கொலைக் குண்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற சிறுவர்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை; தொலைக்காட்சித் திருப்பலியின் முன்னால் முழங்காலிட்டோம். மகஜர்த் தாள்களை நான் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டிவைத்ததற்கு வீரமான காரணம் எதுவும் இல்லை. மகஜரில் கையொப்பமிட்ட முஸ்லிம் வியாபாரிகளின் கடைகளுக்கு முன்னால் நடந்துபோகவே என்னால் முடியவில்லை. பங்குச் சபையில் ஒருவர், அந்தப் பெயர்களை வெட்டிவிட்டுப் புதுத் தாள் எழுதலாம் என்றார். நான் மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை.

ஜூன் கடைசியில் மேசன் வந்தார். இரும்புக் கடைக்காரர் சொல்லியனுப்பிய செய்தி: “என் பெயர் இருப்பது அக்காவுக்குத் தொல்லையென்றால் வெட்டிவிடச் சொல்லுங்கள். நான் கோபிக்கமாட்டேன்.” சொல்லிவிட்டு மேசன் முற்றத்திலேயே நின்றார், நான் உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை. அதற்கு முன் அவர் என் வீட்டில் அப்படி நின்றதில்லை.

பெயர்களை வெட்டவில்லை. அதனால் பங்குச் சபையிலிருந்து ஒருவர் விலகினார். இன்றும் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் உறவுக்காரப் பிள்ளையொன்று அந்தக் குண்டுவெடிப்பில் காயப்பட்டது. அவர் பேசாமல் இருப்பதை நான் குற்றமாக எடுப்பதில்லை.

ஒன்றை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியது தொடர்பாக உயர் நீதிமன்றத்துக்குப் பன்னிரண்டு அடிப்படை உரிமை மனுக்கள் போயின. போட்டவர்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் குருக்களும் சட்டத்தரணிகளும் இருந்தார்கள். 2023 ஜனவரி 12ஆம் தேதி வந்த தீர்ப்பில் முன்னாள் ஜனாதிபதி ஒருவரைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அத்தகைய மனுவை, உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. இறந்தவர்களைப் புதைத்த கையோடு, செபமாலை இன்னும் கையில் இருக்க, யாரோ சிலர் அந்த ஒரு மாதத்தைக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

செப்டெம்பரில் மகஜரைக் கையளித்தோம். மாதத்தையும் யோசித்துத்தான் தெரிந்தெடுத்தோம். வெள்ளம் நிற்கும்போது கேட்டால் பெக்கோதான் வரும். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை மன்றம் ஆண்டு இறுதியில் நிறைவேற்றும். அதற்கு முன்னால் கேட்டால்தான் மதகு வரும். நாலு பேர் போனோம், நாற்பது பேரை அழைத்துப் போகவில்லை. மாமி கட்டாயம் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தவிசாளரிடம் இருந்த நேரத்தைவிடப் புதிய தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசையருகே இருந்த நேரம்தான் அதிகம். கரிக்கோட்டுக் கணக்கையும் பழைய வரைபடத்தையும் காட்டியதும் அந்தப் பிள்ளை எழுந்து, மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டது. ஏற்கெனவே வரைந்த படமொன்று கோவையில் இருந்தது அந்தப் பிள்ளைக்கும் நிம்மதி.

மன்ற அமர்வுக்குப் பார்வையாளராகப் போகலாம், ஆனால் பேச முடியாது. ஆகவே எங்கள் வட்டார உறுப்பினரிடம் கேள்வியை எழுத்தில் கொடுத்துவைத்தோம். எந்தக் கட்சி என்று நாங்கள் பார்க்கவில்லை. அதே உறுப்பினர் பிறகு கோயில் திருவிழாக் கொடியேற்றத்தில் தனக்கு ஒலிவாங்கி வேண்டுமென்று கேட்டபோது, கொடுக்கவுமில்லை. மதகுக்கு நன்றி சொல்லக் கந்தோருக்கு வருகிறோம், பீடத்துக்குப் பக்கத்தில் இடமில்லை என்று பங்குத் தந்தை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்த சுவாமியார்.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. செப்டெம்பரில் பழைய மதகை உடைத்தார்கள். உடைத்தபோது அதற்குள்ளிருந்து ஒரு சிறுவர் சைக்கிளின் முன்சில்லு வந்தது. அந்த மாரியில் ஒழுங்கைத் தண்ணீர் நடந்துபோய் வாவியில் இறங்கியதை நாங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். சிறுவர்கள் கடதாசிக் கப்பல் விட்டார்கள். ஒன்று மதகுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தபோது இரும்புக் கடைக்காரர் கைதட்டினார்.

ஒழுங்கையின் கடைசியில் இரண்டு வீடுகளுக்கு இன்னும் தண்ணீர் வருகிறது. வாவிக்கரையில் வளவொன்றை மண்போட்டு உயர்த்திவிட்டார்கள். அதற்கான அனுமதிப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டுப் போன வாரம் கடிதம் அனுப்பியிருக்கிறோம். தபால் கந்தோருக்கு மாமியும் வந்தார். பற்றுச்சீட்டை அவரே கேட்டு வாங்கி, நாலாக மடித்து, வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.